மாறன்: ஓர் இயற்பெயரின் தோற்றமும் வழக்கும் – கொற்கை, பொருநைக்கரைச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பாண்டியர்க்குரிய பெயர்களுள் ஒன்றாக அறியப்படும் ‘மாறன்’ என்னும் ஆண்பாற் பெயரின் தோற்றத்தையும் வழக்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கல்வெட்டுகளில் மாறன் என்னும் பெயர் வருமிடமெல்லாம் பாண்டியர் குடித்தொடர்பைக் காண்பது ஒரு வழக்கம். இன்று மாறன் என்று பெயரிடுவதை இருபதாம் நூற்றாண்டுத் தனித்தமிழ் உணர்வின் மீட்டெடுப்பாக மட்டும் கொள்வது மற்றொரு வழக்கம். இவ்விரண்டும் மறுபார்வைக்குரியன என்பதைச் சங்க இலக்கியம், செப்பேடு, கல்வெட்டு, வைணவ மரபு, இலக்கண நூல் ஆகிய சான்றுகளால் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அரசர் பெயராக இருந்த மாறன் பட்டமாக மாறித் தன் தனித்தன்மையை இழந்த பின்னர், பொருநைக்கரையில் ஓர் அடியாரின் பெயராக நிலைத்தது என்பதே இதன் மையக் கருத்து. இதனை விளக்க, கீழை சிலாவிய மரபில் ‘விளாதிமிர்’ என்னும் பெயர் நிலைபெற்ற வரலாறு ஒப்பிட்டுக் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மாறன், கொற்கை, பெயராய்வு, ஆனைமலைக் கல்வெட்டு, நம்மாழ்வார், மாறனலங்காரம், தனித்தமிழ்ப் பெயர்கள்.

முன்னுரை

மக்கட்பெயர் என்பது மொழியின் மிகப் பழைய படிவுகளுள் ஒன்று. வழக்கிறந்த சொற்கள் பெயருள் உயிர்வாழ்தலும், பெயர்கள் பொருள் மறைந்தபின் புதுப்பொருள் பெறுதலும் எல்லா மொழிகளிலும் காணத்தக்கவை. தமிழில் மூவேந்தர்க்குரிய பெயர்கள் இவ்வகையில் ஆராயத்தக்கன. பாண்டியரைக் குறிக்க மாறன், செழியன், வழுதி, பஞ்சவன், கவுரியன், தென்னவன் எனப் பல பெயர்கள் இலக்கியத்தில் வழங்குகின்றன. நிகண்டுகள் இவற்றை ஒருபொருட் பன்மொழியாக அடுக்கியுரைக்கும். எனினும் இவற்றின் பிற்கால வரலாறு ஒரே தன்மையதன்று.

பொருநை எனப்படும் தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதியில், இன்று கடலினின்று சில கிலோமீட்டர் உள்தள்ளி அமைந்துள்ள கொற்கை, பாண்டியரின் பழந்துறைமுகம். ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பும் தாலமியின் நிலநூலும் இதனைக் ‘கொல்கோய்’ என்று சுட்டுகின்றன. மதுரைக்காஞ்சி தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைக் கொற்கை மக்களோடு தொடர்புபடுத்துகிறது. சிலப்பதிகாரம், நெடுஞ்செழியன் மறைவுக்குப்பின் கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு வேள்வி செய்ததாகக் கூறுகிறது. இலக்கியத்தில் கொற்கையோடு மிகுதியும் இணைத்துப் பேசப்படும் பெயர் செழியனே. ஆயினும் கொற்கையைச் சூழ்ந்த பொருநை நிலத்தில் மக்கள் நினைவில் ஊன்றிநின்ற பெயர் மாறன். இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சொல்லும் வரிவடிவமும்

மாறன் என்னும் சொல்லை ‘மாறு’ என்னும் அடியோடு ஆண்பால் ஈறாகிய ‘அன்’ சேர்ந்ததாகக் கொள்வர். மாறு என்பதற்கு வேறுபடுதல், எதிர்நிற்றல், பதிலாதல் ஆகிய பொருள்கள் உண்டு. அரசனைக் குறிக்குமிடத்துப் ‘பகைவர்க்கு மாறானவன்’ என்றும், நம்மாழ்வாரைக் குறிக்குமிடத்து ‘உலகியல்புக்கு மாறானவன்’ என்றும் விளக்குவர். ஒரே அடிச்சொல்லினின்று போர்மறமும் துறவுநிலையும் ஆகிய முரண்பட்ட இரு விளக்கங்கள் தோன்றியிருப்பது கருதத்தக்கது. பெயர் முற்பட்டது, அதனைத் தாங்கியவரின் இயல்புக்கேற்ப விளக்கம் பின்னர் அமைந்தது என்பதையே இது காட்டுகிறது.

இப்பெயரை ‘மாரன்’ என்பதனோடு மயங்கலாகாது. மாரன் என்பது காமனைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ் வடிவம். வட்டெழுத்தில் றகரமும் ரகரமும் தனித்தனி வரிவடிவம் உடையன. ஆதலின் தமிழ்க் கல்வெட்டுகளில் இம்மயக்கத்திற்கு இடமில்லை. வடமொழிப் பகுதிகளிலோ றகரம் ரகரமாகவே எழுதப்படும். அங்கு மாறவர்மன் ‘மாரவர்மன்’ ஆகிறான்.

இதனினும் நுட்பமான சான்று ஒன்று செப்பேடுகளில் உள்ளது. பாண்டியரின் மற்றொரு பெயராகிய ‘சடையன்’ வடமொழிப் பகுதியில் ‘ஜடிலன்’ என்றும் ‘ஜடாவர்மன்’ என்றும் பொருள்வழியே பெயர்க்கப்பட்டுள்ளது. மாறன் என்பதோ மொழிபெயர்க்கப்படாமல் ஒலிவழியே எழுதப்பட்டது. ஒரே அரசவையில், ஒரே மெய்க்கீர்த்தி மரபில், ஒரு பெயர் பொருளாகவும் மற்றொன்று ஒலியாகவும் கொள்ளப்பட்டன. இதனால், எட்டாம் நூற்றாண்டிலேயே மாறன் என்பது பொருள் நோக்கி ஆளப்படாத பழம்பெயராக நிலைத்துவிட்டது எனக் கருதுவது பொருந்தும்.

சங்க நூல்களில் மாறன்

புறநானூற்றுக் கொளுக்களில் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் ஆகிய பாண்டியர் பெயர்கள் காணப்படுகின்றன. இவற்றுள் இரண்டு கூறுகள் தெளிவாகப் புலப்படும். முதலாவது, ‘நல்’ என்னும் அடை மாறன் என்பதன் முன்நின்று தனிப்பெயரை ஆக்குதல். நெடுமாறன் என்னும் பிற்காலப் பெயரும் இவ்வமைப்பினதே. இரண்டாவது, மாறன் வழுதி என்பதிற்போல இருபெயர் ஒட்டி நிற்றல். ஒரே பெயருடைய அரசர் இருவரை அவர்கள் உயிர்நீத்த இடத்தால் வேறுபடுத்த வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, இப்பெயர் அக்குடியில் மீள மீள இடப்பட்டமை விளங்கும்.

மாறன் என்பது பாண்டிய அரசர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்கும் பழஞ்சான்றுகள் உள்ளன. அகநானூறு கூறும் பழையன் மாறன் முடிவேந்தன் அல்லன், குறுநிலத் தலைவன். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஐந்திணை ஐம்பதின் ஆசிரியர் மாறன் பொறையனார். பொறையன் என்பது சேரர்க்குரிய பெயர். பாண்டியப் பெயரும் சேரப் பெயரும் இணைந்த ஒரு பெயரைப் புலவர் ஒருவர் தாங்கியிருப்பது, குடிப்பெயர்கள் அக்காலத்திலேயே இயற்பெயர்களாகப் பரவியிருந்தன என்பதைக் காட்டுகிறது.

தந்தை பெயரும் தன் பெயரும்

கல்வெட்டுகளில் மாறன் என்னும் பெயரைப் பொருள்கொள்ளுதற்குத் தமிழ்ப் பெயரமைப்பின் ஒரு விதியை முதற்கண் தெளிதல் வேண்டும். இருபெயர் அடுத்து வருமாயின் முன்னது தந்தை பெயர். பின்னது தன் பெயர். முதலெழுத்து மட்டுமாகச் சுருங்கி இன்றும் நம்மிடையே வழங்கும் முறை இது.

பாண்டியர் வழிமுறையில் இவ்விதி தெளிவாக விளங்குகிறது. பராந்தக நெடுஞ்சடையன் ‘மாறஞ்சடையன்’ எனப்படுகிறான். மாறவர்மன் இராசசிம்மனின் மகனாகிய சடையன் என்பது பொருள். அவனுக்குப்பின் வந்த சீமாற சீவல்லபன் ‘சடையமாறன்’. சடையனின் மகனாகிய மாறன். இங்ஙனம் மாறனும் சடையனும் தலைமுறைதோறும் மாறிமாறி வந்தன. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமே இதன் அடிப்படை. பெயரன் என்னும் சொல்லே இவ்வழக்கத்திற்குச் சான்று.

இதே அமைப்பைப் பாண்டிய நாட்டுக்கு வெளியேயும் காணலாம். தஞ்சைப் பகுதியிலுள்ள செந்தலைத் தூண் கல்வெட்டுகள் முத்தரையர் மூன்று தலைமுறையினரைப் பெயர்கூறிக் காட்டுகின்றன. பெரும்பிடுகு முத்தரையனாகிய குவாவன் மாறன் முதல்வன். அவன் மகன் இளங்கோவதியரையனாகிய மாறன் பரமேசுவரன். அவன் மகன் பெரும்பிடுகு முத்தரையனாகிய சுவரன் மாறன். பாட்டன் மாறன், பேரன் மாறன். முத்தரையர் கல்வெட்டில் மாறன் என்னும் பெயர் வருவது பாண்டியர் குடித்தொடர்பைத் தானே நிறுவாது. எட்டாம் நூற்றாண்டில் காவிரிக்கரைத் தலைவர் குடியிலும் அது வழக்கமான இயற்பெயராக இருந்தது என்பதையே அது நிறுவும்.

ஆனைமலைக் கல்வெட்டும் ஒரு பெயர்ச் சிக்கலும்

மதுரைக்கு அருகிலுள்ள ஆனைமலை நரசிங்கப்பெருமாள் குடைவரையின் கல்வெட்டு கலியாண்டு 3871ஐ, அதாவது கி.பி. 770ஐக் குறிக்கிறது. மாறஞ்சடையனின் உத்தரமந்திரியாகிய மாறன்காரி இக்குடைவரையைச் செய்வித்து, பணி நிறைவுறுமுன் மறைந்தான். அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுப்பித்துப் பணியை முடித்தான். இவர்கள் களக்குடி எனவும் கரவந்தபுரம் எனவும் வழங்கிய ஊரைச் சேர்ந்த வைத்தியர் குடியினர். அவ்வூர் இன்று திருநெல்வேலிப் பகுதியிலுள்ள உக்கிரன்கோட்டை என இனங்காணப்பட்டுள்ளது. வேள்விக்குடிச் செப்பேட்டிலும் மாறன்காரி இடம்பெறுகிறான். ஆதலின் பொருநைநாட்டின் ஓர் அலுவலர் குடியில் மாறன் என்னும் பெயர் வழங்கியமைக்கு இது தலையாய சான்று.

இக்கல்வெட்டில் அரசனும் மாறஞ்சடையன், அமைச்சனும் மாறன்காரி. அமைச்சன் பெயரின் முன்நிற்கும் மாறன் அவன் தந்தை பெயரா, அரசகுடியைச் சுட்டும் பெயரா என்னும் ஐயம் எழலாம். உடன்பிறந்தார் இருவர்க்கும் மாறன் பொதுவாகவும், காரி, எயினன் என்பன தனித்தனியாகவும் வருகின்றன. அரசன் அளித்த சிறப்புப் பெயர்களோ மூவேந்தமங்கலப் பேரரையன், பாண்டிமங்கல விசையரையன் எனத் தனியே குறிக்கப்பட்டுள்ளன. அதே காலத்தில் அதே ஊரினனாகிய சாத்தன் கணபதி திருப்பரங்குன்றக் கல்வெட்டில் தந்தை பெயரோடு குறிக்கப்படுகிறான். இவற்றைச் சேர்த்து நோக்கின், மாறன் என்பது அவ்வுடன்பிறந்தாரின் தந்தையது இயற்பெயர் என்பதே ஏற்புடைத்து.

இப்பெயரை வைத்து நம்மாழ்வாரின் காலத்தை வரையறுக்கும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. நம்மாழ்வாரின் தந்தை பெயர் காரி. கல்வெட்டு அமைச்சனும் காரி. அவனுக்கு மதுரகவி என்னும் சிறப்புப் பெயரும் இருந்தது. ஆகவே அவனை நம்மாழ்வாரின் தந்தையாகவோ, ஆழ்வாரின் மாணவராகிய மதுரகவியாழ்வாராகவோ கொண்டு காலங்கணிக்க முற்பட்டனர். பெயரமைப்பு விதியைப் பொருத்திப் பார்த்தால் இவ்விணைப்பின் நெகிழ்ச்சி புலனாகும். குருபரம்பரை நூல்கள் நம்மாழ்வாரின் முன்னோரை வரிசைப்படுத்துமிடத்து, தந்தை காரியாரின் தந்தையைப் பொற்காரியார் என்கின்றன. அம்மரபின்படி நம்மாழ்வாரின் தந்தை ‘மாறன் காரி’ ஆதற்கில்லை. மேலும் அமைச்சனின் ஊர் கரவந்தபுரம். ஆழ்வாரின் ஊர் குருகூர். மதுரகவியாழ்வார் திருக்கோளூரில் பிறந்த அந்தணர் என்பது மரபு; அமைச்சனோ வைத்தியர் குடியினன்.

குருபரம்பரை நூல்கள் காலத்தால் பிற்பட்டவை. அவற்றின் வழிமுறைப் பட்டியலை முழுச் சான்றாகக் கொள்ளலாகாது எனின், அதே கட்டுப்பாடு தந்தை பெயர் காரி என்பதைத் தவிர்ந்த மரபுச் செய்திகள் அனைத்துக்கும் பொருந்தும். எஞ்சுவது ‘மாறன்’, ‘காரி’ என்னும் இரு பெயர்களின் ஒப்புமை மட்டுமே. பொருநைக்கரையில் அவ்விரு பெயர்களும் பரவலாக வழங்கின என்னும்போது, அவ்வொப்புமையின்மேல் காலக்கணிப்பைக் கட்டுவது உறுதியான அடித்தளம் ஆகாது. பெயர் எத்துணைப் பொதுவானதோ, அத்துணைக்கு அது தனி மனிதரை இனங்காட்டும் ஆற்றலை இழக்கிறது.

பெயர் பட்டமாதல்

ஏழாம் நூற்றாண்டில் அரிகேசரி மாறவர்மன் நெடுமாறன் எனப் போற்றப்பட்டான். சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் நெல்வேலிப் போரில் வென்றவனாக அவனைக் குறிக்கிறார். இறையனார் அகப்பொருள் உரையில் மேற்கோளாக வரும் பாண்டிக்கோவைச் செய்யுள்களின் பாட்டுடைத் தலைவனும் நெடுமாறனே. இங்கு மாறன் ஒருவனுக்குரிய பெயராகவே நிற்கிறது.

பின்னர் நிலைமை மாறியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் குலசேகரனுக்குப்பின் 1216இல் அரியணை ஏறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் அவனுடைய தம்பி எனக் கருதப்படுகிறான். தந்தை – மகன் வரிசையில் மாறிவந்த பெயரிணை இங்கு உடன்பிறந்தாரிடையே மாறுகிறது. அக்காலத்தில் பாண்டிய அரசர் பலர் ஒருங்கே ஆண்டனர். அவர்களுள் ஒவ்வொருவரும் மாறவர்மன் அல்லது சடையவர்மன் என்னும் முன்னடையைப் பெற்றனர். இயற்பெயராக நின்றவை சுந்தரன், குலசேகரன், வீரன், விக்கிரமன், பராக்கிரமன் என்பன. மாறன் இப்போது பெயரன்று, அரசாணையின் தொடக்கத்தில் நிற்கும் வாய்பாடு. இதனாலேயே ஒரே பட்டமும் பெயரும் உடைய பாண்டியர்களை வேறுபடுத்துவது கல்வெட்டறிஞர்க்கு இன்றளவும் கடினமாக உள்ளது. அரசகுடியில் பெயரின் உயிர்ப்பு இவ்வாறு குன்றியது.

நிலத்தில் அது வேறுவகையில் பதிந்தது. கொற்கைக்கு அருகே மாறமங்கலம் என்னும் ஊர் உள்ளது. மங்கலம் என்னும் ஈறு அரசர் பெயரால் அமைந்த ஊர்களில் பரவலாகக் காணப்படுவது. அதே பகுதியில் வழுதி என்னும் பெயரும் நிலைபெற்றது. ஆனால் ஆளின் பெயராகவன்று, நாட்டுப்பிரிவின் பெயராக. குருகூர் உள்ளிட்ட பகுதி கல்வெட்டுகளில் திருவழுதி வளநாடு எனப்பட்டது. திருவாய்மொழியும் ஆழ்வாரை வழுதிவளநாட்டினராகக் குறிக்கிறது. குருபரம்பரை நூல்கள் ஆழ்வாரின் குலமுதல்வரைத் திருவழுதி வளநாடர் என்றே சுட்டுகின்றன. பாண்டியரின் இரு பெயர்களுள் வழுதி மண்ணுக்கும் மாறன் மனிதர்க்கும் ஆயின.

குருகூரில் மாறன்

ஆழ்வார்திருநகரி என இன்று வழங்கும் குருகூரில் பிறந்த நம்மாழ்வார், திருவாய்மொழியின் பதிகப் பயன்பாட்டுகளில் தம்மைக் குருகூர்ச் சடகோபன் என்றும், சிலவிடங்களில் காரிமாறன் சடகோபன் என்றும் கூறிக்கொள்கிறார். தந்தை பெயர், தன் பெயர், சிறப்புப் பெயர் என்னும் முறையில் அத்தொடர் அமைந்துள்ளது. மதுரகவியாழ்வாரும் தம் ஆசிரியரைக் காரிமாறன் என்றே போற்றுகிறார். எனவே மாறன் என்பது பிற்காலத்தார் ஏற்றிய பெயரன்று. ஆழ்வாரின் சொந்தப் பாடல்களிலேயே சான்றுடைய இயற்பெயர். பாண்டியர் ஆட்சியில், பாண்டியர் பெயர் அலுவலர் குடிகளிலும் பரவியிருந்த நிலப்பகுதியில், ஒரு குடும்பம் தன் மகனுக்கு அப்பெயரை இட்டதில் வியப்பில்லை.

குருபரம்பரை நூல்கள் இப்பெயருக்குப் புதிய காரணம் கூறுகின்றன. பிறந்த குழந்தை அழவும் இல்லை, பால் உண்ணவும் இல்லை. உலகியல்புக்கு மாறாக இருந்தமையால் மாறன் எனப்பட்டது என்பது அவற்றின் செய்தி. வரலாற்று நோக்கில் இவ்விளக்கம் பிற்பட்டது. ஆயினும் பெயரின் வாழ்வில் அதன் பங்கு பெரிது. அரசனோடு இருந்த தொடர்பு அறுந்து, அடியாரோடு அதற்குப் புதுத்தொடர்பு அதனால் ஏற்பட்டது. பாண்டியர் ஆட்சி மறைந்தபின்னும் பெயர் மறையாமைக்கு இம்மாற்றமே காரணம்.

இதற்குச் சிறந்த சான்று 16ஆம் நூற்றாண்டில் கிடைக்கிறது. திருக்குருகைப் பெருமாள் கவிராயர் அணியிலக்கணமாக மாறனலங்காரமும், அகப்பொருளிலக்கணமாக மாறனகப்பொருளும், பாவினங்களுக்கு இலக்கியமாக மாறன் பாப்பாவினமும் இயற்றினார். தண்டியலங்காரம் ஆசிரியன் பெயரால் அமைந்தது. மாறனலங்காரமோ ஆசிரியன் பெயராலன்றிப் போற்றப்படும் அடியாரின் பெயரால் அமைந்தது. இந்நூலுக்கு உரை வகுத்தவர் தென்திருப்பேரை காரி இரத்தினக் கவிராயர். நூற்பெயரில் மாறன், உரையாசிரியர் பெயரில் காரி. தந்தை, மகன் பெயரிணை பல நூற்றாண்டுகள் கடந்து அதே ஆற்றங்கரையில், இலக்கணக் கல்வியின் நடுவே மீண்டும் சந்திக்கிறது.

இந்நூல்கள் எழுந்த காலத்தில் தென்காசிப் பாண்டியர் பழம்பட்டங்களைத் தாங்கி ஆண்டுகொண்டிருந்தனர். எனினும் குருகூர்க் கவிராயரின் மாறன் பாண்டியன் அல்லன். அப்பெயரைக் கேட்டவுடன் பொருநைக்கரைக் கற்றோர்க்கு நினைவு வந்தவர் புளியமரத்தடி முனிவரே. பாண்டியன் என்னும் பொருள் நிகண்டில் எஞ்சியது. ஆழ்வார் என்னும் பொருள் நாள்தோறும் ஓதப்பட்டது.

ஒப்புநோக்கு: விளாதிமிர்

அரசர் பெயர் அடியார் பெயராகித் தப்பிப் பிழைத்தல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. சிலாவிய மொழிகளின் பழைய ஆண்பாற் பெயர்கள் பெரும்பாலும் இருசொற் கூட்டுகள். விளாதிமிர் என்பதன் முற்கூறு ஆட்சியைக் குறிப்பது. பிற்கூறு தொடக்கத்தில் பெருமை அல்லது புகழைக் குறித்த ‘மேர்’. பின்னர் அது அமைதி, உலகம் என்னும் பொருள்களையுடைய ‘மிர்’ என்பதோடு மயங்கியது. பழஞ்சொல் பொருள் மறைந்தபின் பழகிய சொல்லால் விளக்கப்படுதல் மாறனுக்கும் பொதுவானது.

கீவ் நகர அரசன் விளாதிமிர் 988இல் கிறித்தவம் தழுவியபோது வசீலி என்னும் கிரேக்கப் பெயரைத் திருமுழுக்குப் பெயராகப் பெற்றான். அச்சமயத்தில் நாட்டுப்பெயர்கள் திருச்சபைப் பெயர்களுக்கு இடங்கொடுக்கத் தொடங்கின. புனிதர் வரிசையில் இடம்பெறாத பழம்பெயர்கள் பல திருமுழுக்கில் இடப்படாமல் அருகின. விளாதிமிர் என்னும் பெயரோ, அவ்வரசனே புனிதனாக ஏற்கப்பட்டமையால் திருச்சபை நாட்காட்டியுள் புகுந்து எக்குடியினரும் இடத்தக்க பெயராயிற்று.

இவ்விரு வரலாறுகளுக்கும் வேற்றுமையும் உண்டு. அங்கு அரசனே புனிதன் ஆனான். இங்கு அரசனது பெயரைத் தாங்கிய வேறொருவர் அடியாராகப் போற்றப்பட்டார், அரசன் பின்தள்ளப்பட்டான். நெடுமாறனும் அறுபத்துமூவருள் ஒருவனாகிச் சைவ மரபில் இடம்பெற்றான். ஆயினும் அங்கு அவன் ‘நின்றசீர் நெடுமாறன்’ என்னும் அடைமொழியோடு கூடிய அரசனாகவே நின்றான். மாறன் என்னும் தனிப்பெயர் வைணவ மரபிலேயே நிலைபெற்றது.

இருபதாம் நூற்றாண்டில் மாறன்

சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் உ. வே. சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்தபின், சங்ககாலப் பெயர்கள் கற்றோர் கைக்கு எட்டின. 1916இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் தனித்தமிழ் இயக்கமும், அதன்பின் திராவிட இயக்கமும் பெயர்மாற்றத்தை ஓர் அரசியற் செயலாக்கின. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். அவர்தம் இளவல் சீனிவாசன் செழியன் ஆனார். தியாகராசசுந்தரம் முரசொலி மாறன் என அறியப்பட்டார். நன்மாறன், நெடுமாறன், இளமாறன் ஆகிய பெயர்கள் பரவின. சங்ககால அடையமைப்பு மீண்டும் ஆக்கத்திறன் பெற்று மணிமாறன், எழில்மாறன், தமிழ்மாறன் எனப் புதுப்பெயர்களை ஈன்றது.

அதே அரசியற் சூழலில் சிலாவிய உலகின் பெயர்களும் தமிழகத்துக்கு வந்தன. 1953 மார்ச்சு 1ஆம் நாள் பிறந்த மு. க. ஸ்டாலின், அம்மாதம் 5ஆம் நாள் மறைந்த சோவியத்துத் தலைவரின் பெயரைப் பெற்றார். லெனின், ஸ்டாலின் ஆகியவை இயற்பெயர்கள் அல்ல, புனைபெயர்கள். லெனினின் இயற்பெயராகிய விளாதிமிரைவிட அப்புனைபெயரே தமிழில் இயற்பெயராக வேரூன்றியது. தமிழர் அங்கிருந்து ஏற்றது தொன்மையை அன்று, கொள்கையை. நெடுஞ்செழியன் என்று பெயரிட்டவரும் ஸ்டாலின் என்று பெயரிட்டவரும் சாதி, சமயச் சார்பு புலப்படாத பெயரை நாடினர் என்னும் வகையில் ஒத்தவர்.

இந்நோக்கில்தான் மாறன் தனித்து நிற்கிறது. செழியன் ஏட்டிலக்கியத்திலிருந்து நேரே எடுக்கப்பட்ட பெயர். மாறன் அவ்வாறு எடுக்கப்பட்டபோது, அது ஏற்கெனவே வைணவ மரபில் வழங்கிக்கொண்டிருந்த பெயராக இருந்தது. சமயச்சார்பற்ற தமிழ்ப்பெயராக ஒருவர் தேர்ந்த அதே சொல், ஆழ்வார்திருநகரிக் கோயிலில் ஆழ்வாரின் திருப்பெயர். மாறன் என்னும் பெயரைக் கண்டவுடன் பெயரிட்டவரின் அரசியலை ஊகிப்பது எவ்வளவு பிழைபடக் கூடியதோ, கல்வெட்டில் அப்பெயரைக் கண்டவுடன் பாண்டியர் குருதியை ஊகிப்பதும் அவ்வளவே பிழைபடக் கூடியது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு.

மாறன் என்பது சங்ககாலந்தொட்டே பாண்டியர்க்குச் சிறப்பாகவும் பிறர்க்குப் பொதுவாகவும் வழங்கிய இயற்பெயர். பழையன் மாறன், மாறன் பொறையனார், முத்தரையர் குடியினர், கரவந்தபுரத்து வைத்தியர் குடியினர் ஆகியோர் இதற்குச் சான்று. ஆதலின் கல்வெட்டில் இப்பெயர் வருவதை மட்டுங்கொண்டு பாண்டியர் குடித்தொடர்பை நிறுவலாகாது. பெயர் நிற்கும் இடம், உடன்பிறந்தார் பெயர், பட்டப்பெயர் ஆகியவற்றைச் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும். ஆனைமலை மாறன்காரியை நம்மாழ்வார் வரலாற்றோடு இணைப்பது இவ்வளவைக்கு நில்லாது.

அரசகுடியில் மாறன் பட்டமாகத் தேய்ந்த பின்னர், அதனைப் பெயராக வாழவைத்தது பொருநைக்கரை. குருகூர் மரபு அதற்குப் புதுப்பொருள் தந்தது. இலக்கண நூல்கள் அதனைக் கல்விப்புலத்தில் நிறுத்தின. இருபதாம் நூற்றாண்டின் மீட்டெடுப்பு வெற்றிடத்தில் நிகழவில்லை. கொற்கையின் செழியன் அச்சிட்ட நூல் வழியே மீண்டான். அதே ஆற்றங்கரை ஊராகிய குருகூரின் மாறனோ மீட்க வேண்டிய அளவுக்கு மறையவே இல்லை. தமிழ்ப் பெயராய்வு இவ்விருவகைப் பெயர்களையும் வேறுபடுத்தி நோக்குமாயின், மக்கள் தம் பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களின் வழியே சமய, அரசியல் வரலாற்றின் விடுபட்ட இணைப்புகள் பல தெளிவுறும்.